தெளிந்து துணிதல்

மனிதன் நாள்தோறும் எத்தனையோ பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டே வாழ்கிறான். அவற்றுள் பெரும்பாலானவை பழக்கத்தால் நடந்துவிடுகின்றன. அவற்றிற்காக ஒருவரும் உறக்கம் கெடுவதில்லை. ஆயின், பள்ளிப் படிப்பு முடிந்தபின் மேலே என்ன படிப்பது, எத்தொழிலை மேற்கொள்வது, பிறந்த ஊரிலேயே இருப்பதா, வெளியூர் செல்வதா என்பன போன்ற வினாக்கள் எழும்போது மனம் நிலைகொள்ளாது தவிக்கிறது. காலையில் ஒரு முடிவு. மாலையில் அதற்கு நேர்மாறான மற்றொரு முடிவு. வீட்டிலுள்ளோர், "என்ன முடிவு செய்தாய்?" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பதே விடையாக வருகிறது. நாள்கள் கழிகின்றன, சேர்வதற்குரிய கடைசி நாளும் கடந்துபோகிறது. அதன்பின், முடிவு செய்யாமையே ஒரு முடிவாக அமைந்துவிடுகிறது.

இத்தகைய நிலையை விளக்க மேனாட்டார் ஒரு கழுதைக் கதை கூறுவர். பசியால் வாடிய கழுதை ஒன்று, ஒரே அளவுள்ள இரண்டு புற்கட்டுகளுக்குச் சரிநடுவில் நின்றதாம். இப்பக்கம் செல்வதற்கும் அப்பக்கம் செல்வதற்கும் காரணம் சமமாக இருந்தமையால், எப்பக்கமும் செல்லாமல் பட்டினி கிடந்தே மாண்டதாம். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த புரிடான் என்னும் தத்துவ அறிஞரின் பெயரால் இக்கதை வழங்குகிறது. அவருடைய நூல்களில் இக்கதை காணப்படவில்லை என்பது வேறு செய்தி. உண்மையான கழுதை எதுவும் இங்ஙனம் உயிர் விடுவதில்லை. பசித்தால் ஏதேனும் ஒரு கட்டில் வாய் வைத்துவிடும். கழுதைக்கு இல்லாத இத்துன்பம் மனிதனுக்கு ஏன் வருகிறது?

இவ்வினாவிற்குத் தெளிவான விடை ஒன்று, 1772-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் இலண்டனிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இருக்கிறது. எழுதியவர் பெஞ்சமின் பிராங்க்லின். அச்சுத் தொழிலாளராக வாழ்க்கையைத் தொடங்கி, மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிப் புகழ்பெற்ற அவ்வறிஞர், அப்போது அமெரிக்கக் குடியேற்றங்களின் சார்பாளராக இலண்டனில் தங்கியிருந்தார். அவருக்கு வயது 66. கடிதத்தைப் பெற்றவர் ஜோசப் பிரீஸ்ட்லி, வயது 39. அவர் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரில் ஒரு கிறித்தவ சபையின் போதகர். அதே வேளையில் சிறந்த விஞ்ஞானியுமாவார். லீட்ஸில் அவர் முதலில் குடியிருந்த வீட்டிற்கு அருகில் பீர் வடிக்கும் சாலை ஒன்று இருந்தது. அங்குத் தொட்டிகளிலிருந்து எழுந்த வாயுவை ஆராய்ந்து, அதனை நீரில் கலக்கும் முறையையும் அவர் கண்டறிந்தார். இன்று கடைதோறும் விற்கும் சோடாவின் பிறப்பு அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறது.

பிரீஸ்ட்லியின் முன் அப்போது ஒரு பெரிய வினா நின்றது. ஷெல்பர்ன் பிரபு என்னும் செல்வர், தம் நூலகத்தைப் பேணவும், தம் பிள்ளைகளின் கல்வியை மேற்பார்க்கவும், தமக்கு அறிவுத் துணையாய் இருக்கவும் அவரை அழைத்தார். லீட்ஸில் பிரீஸ்ட்லிக்குக் கிடைத்த ஊதியம் ஆண்டிற்கு 100 கினி, அதாவது 105 பவுன். குடியிருக்க வீடும் உண்டு. பிரபு தர முன்வந்ததோ ஆண்டிற்கு 250 பவுனும் ஒரு வீடும். பிற்காலத்தில் இருவரும் பிரிய நேர்ந்தால், வாழ்நாள் முழுவதும் ஆண்டிற்கு 150 பவுன் கொடுப்பதாகவும் ஏற்பாடு. மனைவியும் மூன்று குழந்தைகளும் உடைய ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று. ஆராய்ச்சிக்கு ஓய்வும் மிகுதியாகக் கிடைக்கும். ஆயினும், தம்மை மதித்து நடந்த சபையை விட்டுப் பிரிதல் வேண்டும். பழகிய ஊரை விட்டுக் குடும்பத்தோடு தொலைவிடம் செல்லுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு பிரபுவின் நிழலில் வாழ்பவர் தம் கருத்தைத் தாம் நினைத்தபடி கூற முடியுமா என்னும் அச்சமும் இருந்தது. எவ்வழி செல்வது என்று தெளியாமல், தம் மூத்த நண்பராகிய பிராங்க்லினிடம் அவர் அறிவுரை கேட்டார்.

"போ" என்றோ, "போகாதே" என்றோ பிராங்க்லின் எழுதவில்லை. முடிவுக்கு வேண்டிய செய்திகளைத் தாம் போதிய அளவு அறியாதபோது, எதனைத் தேர்வது என்று கூறுதல் தமக்கு இயலாது என்றும், எவ்வாறு தேர்வது என்பதை மட்டும் கூறுவதாகவும் அவர் எழுதினார். அறிவுரை கூறுவோர் பலரிடம் காணப்படாத அடக்கம் இது.

மனம் தடுமாறுவதற்கு அவர் காட்டிய காரணம் மிக நுட்பமானது. ஒரு செயலுக்குச் சார்பான காரணங்களும் எதிரான காரணங்களும் ஒரே நேரத்தில் மனத்தின்முன் வருவதில்லை. ஒரு வேளை ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. அப்போது மற்றக் கூட்டம் மறைந்துவிடுகிறது. சிறிது நேரம் சென்றபின் மறைந்தது தோன்றுகிறது, தோன்றியது மறைகிறது. ஆதலின், அவ்வப்போது கண்முன் நிற்கும் காரணமே பெரிதாகத் தெரிகிறது. காலை முடிவை மாலை மாற்றிவிடுவதன் காரணம் இதுவே. தராசின் ஒரு தட்டை மட்டும் மாறி மாறிப் பார்ப்பவன் எடையை எங்ஙனம் அறிவான்?

இதற்கு அவர் கையாண்ட முறை எளியது. ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்திகளாகப் பிரித்தல் வேண்டும். ஒரு பத்தியின் தலைப்பில் 'சார்பு' என்றும், மற்றதன் தலைப்பில் 'எதிர்' என்றும் எழுதுதல் வேண்டும். பின்னர் மூன்று நான்கு நாள்கள், மனத்தில் தோன்றுவனவற்றை யெல்லாம் தோன்றியபோதே சுருக்கமாக உரிய பத்தியில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இந்த மூன்று நான்கு நாள் என்பது கருதத்தக்கது. மாறி மாறி வரும் காரணங்கள் அனைத்தும் ஒருமுறையேனும் வந்து போவதற்கு அத்துணைக் காலம் வேண்டியிருக்கிறது. ஒரே அமர்வில் எழுதிமுடிக்கும் பட்டியலில், அன்றைய மனநிலைக்கு ஏற்றவை மட்டுமே இடம்பெறும்.

அனைத்தும் ஒரே தாளில் ஒரே பார்வையில் தெரியும் நிலை வந்தபின், ஒவ்வொன்றின் கனத்தையும் மதிப்பிடுதல் வேண்டும். இப்பக்கத்துக் காரணம் ஒன்றும் அப்பக்கத்துக் காரணம் ஒன்றும் சமமாக இருந்தால் இரண்டையும் அடித்துவிடலாம். இங்குள்ள ஒன்று அங்குள்ள இரண்டிற்குச் சமமானால் மூன்றையும் அடிக்கலாம். இங்குள்ள இரண்டு அங்குள்ள மூன்றிற்குச் சமமானால் ஐந்தையும் அடிக்கலாம். இறுதியில் எப்பக்கத்தில் மிச்சம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அதன்பின் ஓரிரு நாள் காத்திருந்து, புதிதாக இன்றியமையாத காரணம் எதுவும் தோன்றாவிடில், அதுவே முடிவு. கணக்கியலில் சமமானவற்றை நீக்கி விடை காண்பதை இது ஒத்திருத்தலின், இதற்கு 'நல்லறிவுக் கணிதம்' என்னும் பொருள்படப் பிராங்க்லின் பெயரிட்டார். காரணங்களின் கனத்தை எண்களைப்போலத் துல்லியமாக அளக்க இயலாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும், தனித்தனியே நோக்கியும் ஒப்பிட்டும் எடுக்கும் முடிவில் அவசரப் பிழை குறைவு என்பது அவர் அனுபவம். 1779-ஆம் ஆண்டில் தம் உறவினரான இளைஞர் ஒருவருக்கும் இம்முறையையே எழுதி, இதனைக் கற்றுக்கொள்ளாவிட்டால் அவருக்குத் திருமணமே ஆகாது என்று வேடிக்கையாகவும் சேர்த்திருந்தார்.

இம்முறையில் மறைந்து கிடக்கும் ஒரு நன்மையைப் பிராங்க்லின் தனியே எடுத்துக் கூறவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் தேறிய ஒரு மாணவி, தொலைவிலுள்ள கல்லூரியில் சேர்வதா, உள்ளூரிலேயே படிப்பதா என்று தாளில் எழுதுவதாகக் கொள்வோம். 'விரும்பும் பாடம் அங்குத்தான் இருக்கிறது' என்பது ஒன்று. 'தோழியும் அங்கே சேர்கிறாள்' என்பது மற்றொன்று. எதிர்ப்பக்கத்தில், 'விடுதிச் செலவைத் தந்தையால் தாங்க இயலாது' என்பதும், 'விடுதிச் சாப்பாடு பிடிக்காது' என்பதும் எழுதப்படுகின்றன. தோழியும் சாப்பாடும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நெஞ்சில் இருந்தபோது மலைபோல் தோன்றியவை, தாளில் வந்ததும் ஒரு வரியாகிச் சுருங்கிவிடுகின்றன. எஞ்சி நிற்பது விடுதிச் செலவு. அதனை உற்று நோக்கினால், அது காரணம் என்பதைவிட, விசாரித்து அறியவேண்டிய செய்தி என்பது புலனாகும். செலவு ஆண்டிற்கு எவ்வளவு? உதவித்தொகை உண்டா? அரசு விடுதியில் இடம் கிடைக்குமா? இவ்வினாக்களுக்கு விடை மனத்தில் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. படுக்கையில் புரண்டு எத்தனை இரவு சிந்தித்தாலும் கிடைக்காத அவ்விடை, ஒரு நாள் நேரில் சென்று கேட்டால் கிடைத்துவிடும். 'என்ன செய்வது?' என்னும் பெரிய வினா, 'இது உண்மையா? இதன் கனம் எவ்வளவு?' என்னும் சிறிய வினாக்களாக உடைவதே இம்முறையின் உயிர்நிலை.

முடிவு செய்ய இயலாத வேளையில் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போரும், காசைச் சுண்டிப் பார்ப்போரும் உளர். அதனால் மனத்தின் சுமை சற்றே இறங்குவது உண்மை. ஆயினும், விடுதிச் செலவு எவ்வளவு என்பதைப் பூ கூறாது.

பிரீஸ்ட்லி இறுதியில் பிரபுவின் அழைப்பை ஏற்றார். 1773-ஆம் ஆண்டில் குடும்பத்துடன் வில்ட்ஷயர் பகுதிக்குச் சென்றார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், 12 அங்குல விட்டமுள்ள கண்ணாடி வில்லையால் கதிரவன் ஒளியைக் குவித்து, பாதரசத்தின் செந்நிறத் தூளைச் சூடாக்கினார். அதிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் மெழுகுவத்தி வியக்கத்தக்க ஒளியுடன் எரிந்தது. அவ்வாயுவே பிராணவாயு. இதனைக் கொண்டு அவர் முடிவு சரியானதே என்று பலரும் கூறிவிடுவர். 1772-இல் அவர் தாளில் 'பிராணவாயு' என்று ஒரு வரி இருந்திருக்க முடியாது அன்றோ? பின்னால் விளைந்த நன்மையை வைத்து முன்னர் எடுத்த முடிவை மதிப்பிடுதல், பரிசுச் சீட்டில் பணம் விழுந்தவனை அறிவாளி என்று புகழ்வதற்கு ஒப்பாகும். பிரீஸ்ட்லியின் முன்னறிவு விளங்குவது வேறோர் இடத்தில். 1780-இல் அவரும் பிரபுவும் பிரிந்தனர். முன்னரே பேசி வைத்தபடி, ஆண்டிற்கு 150 பவுன் அவருக்குத் தொடர்ந்து கிடைத்து வந்தது. எதிர்ப்பத்தியிலிருந்த அச்சத்திற்கு அவர் முன்கூட்டியே ஓர் அணை கட்டியிருந்தார்.

தாளும் கோடும் இருந்தால் போதும், தவறே நேராது என்று எண்ணிவிடலாகாது. முன்னரே ஒன்றை விரும்பிவிட்ட மனம், பட்டியலையும் தன் விருப்பத்திற்கேற்ப நிரப்பிக்கொள்ளும் ஆற்றலுடையது. இதனைப் பிராங்க்லினே தம் தன்வரலாற்றில் நகைச்சுவையோடு காட்டுகிறார். இளமையில் அவர் புலால் உண்ணாமையை மேற்கொண்டிருந்தார். 1723-ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், பாஸ்டன் நகரை விட்டுக் கப்பலில் செல்லும்போது, காற்று அடங்கியதால் கப்பல் நின்றுவிட்டது. உடன் வந்தோர் காட் என்னும் கடல்மீனைப் பிடித்துப் பொரித்தனர். மணம் மூக்கைத் துளைத்தது. முன்னர் மீனை விரும்பி உண்டவர் அவர். கொள்கைக்கும் ஆசைக்குமிடையே சிறிது நேரம் போராடினார். அப்போது, மீன்களை அறுத்தபோது அவற்றின் வயிற்றில் சிறு மீன்கள் இருந்தமை நினைவுக்கு வந்தது. மீன்கள் ஒன்றையொன்று தின்னும்போது, மனிதன் அவற்றைத் தின்பதில் என்ன பிழை என்று முடிவு செய்து, வயிறார உண்டார். செய்ய விரும்பும் எதற்கும் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ள உதவும் பகுத்தறிவு எத்துணை வசதியானது என்று அவர் தம்மைத் தாமே எள்ளிக்கொள்கிறார். பொரித்த மணம் வருவதற்கு முன்னரும் அச்சிறு மீன்கள் அவ்வயிறுகளில்தான் இருந்தன.

ஆதலின், எழுதியவனே தன் தாளுக்கு நடுவனாக இருத்தல் எப்போதும் போதுவதன்று. மற்றொருவர் கண்ணும் அதன்மேல் படுதல் நன்று. சார்லஸ் டார்வினின் வாழ்வில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாளில் எழுதித் தெளியும் பழக்கம் அவருக்கு இருந்தது. 1838-ஆம் ஆண்டில், மணம் செய்துகொள்வதா வேண்டாவா என்பதைக் கூட அவர் இரு பத்திகளில் எழுதிப் பார்த்தார். நூல் வாங்கப் பணம் குறைந்துவிடும், உறவினர் வீடுகளுக்குச் செல்லவேண்டியிருக்கும் என்பவை ஒரு பக்கம். வாழ்நாள் துணை, குழந்தைகள், இசை என்பவை மறுபக்கம். மறு ஆண்டு ஜனவரியில் அவர் தம் மாமன் மகள் எம்மாவை மணந்தார். ஆயினும், அவர் வாழ்வையே திருப்பிய பட்டியல் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டது.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில், 22 வயது இளைஞரான டார்வின் வீடு திரும்பியபோது ஒரு கடிதம் காத்திருந்தது. உலகைச் சுற்றிவரப் புறப்படும் 'பீகிள்' என்னும் கப்பலில் இயற்கை ஆராய்ச்சியாளராகச் செல்ல அவருக்கு அழைப்பு வந்திருந்தது. அவர் உள்ளம் துள்ளியது. தந்தையாரோ உடன்படவில்லை. அவர் புகழ்பெற்ற மருத்துவர். மகன் மருத்துவக் கல்வியைப் பாதியில் விட்டவன். பின்னர்ச் சமயப்பணிக்கென்று கேம்பிரிட்ஜில் படித்தவன். இப்போது கப்பலேற விரும்புகிறான் என்றால் எந்தத் தந்தைதான் மகிழ்வார்? ஆயினும் அவர் கதவை முற்றிலும் சாத்திவிடவில்லை. நல்லறிவுடைய ஒருவரேனும் போகலாம் என்று கூறினால் தாமும் இசைவதாகச் சொன்னார். டார்வின் மனம் தளர்ந்து, வர இயலாது என்று பதில் எழுதிவிட்டு, தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் ஊருக்குச் சென்றார்.

மாமனிடம் அவர் தம் ஆசையைச் சொல்லிப் புலம்புவதோடு நிற்கவில்லை. தந்தையாரின் தடைகளை எண்ணிட்டு வரிசையாக எழுதினார். மொத்தம் எட்டு: சமயப் பணியாளராக விளங்க வேண்டியவருக்கு இது மதிப்புக் குறைவு, இது கட்டற்ற திட்டம், இப்பதவியை முன்னர்ப் பலருக்கும் கொடுத்துப் பார்த்திருப்பர், அவர்கள் மறுத்திருந்தால் கப்பலிலோ பயணத்திலோ ஏதேனும் குறை இருத்தல் வேண்டும், திரும்பி வந்தபின் நிலையான வாழ்வில் மனம் நில்லாது, கப்பலில் வசதி இராது, மீண்டும் ஒருமுறை தொழிலை மாற்றியதாகும், இதனால் பயன் ஒன்றும் இல்லை. தம் விருப்பத்திற்கு மாறான காரணங்களை ஒன்று விடாமல் எழுதிய நேர்மை பாராட்டுதற்குரியது.

வெட்ஜ்வுட் எட்டிற்கும் தனித்தனியே விடை எழுதினார். இயற்கை ஆராய்ச்சி சமயப் பணியாளருக்கு இழுக்கன்று என்றார். கடற்படைத் துறை இத்தகைய பணிக்குப் பழுதான கப்பலை அனுப்பும் என்று தம்மால் எண்ண இயலவில்லை என்றார். சார்லஸ் இப்போது தொழிற்படிப்பில் மூழ்கியிருந்தால் அதனைக் குலைத்தல் தகாது. ஆனால் அவ்வாறு மூழ்கியிருக்கவில்லையே என்றார். எல்லாவற்றையும் அவர் மறுத்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. நிலையான வாழ்வைப் பற்றிய தடைக்குத் தந்தையே நன்கு முடிவு கூறவல்லவர் என்று விட்டார். சமயப் பணிக்கு இப்பயணத்தால் பயன் இராது என்பதையும் ஒப்புக்கொண்டார். அறிவு வேட்கை மிக்க இளைஞருக்கு இத்தகைய வாய்ப்புக் கிடைத்தல் அரிது என்பதே அவர் தராசில் இறுதியாக நின்றது.

செப்டம்பர் முதல் நாள் காலை, வேட்டைக்குச் சென்றிருந்த மருமகனை ஆளனுப்பி அழைத்துக்கொண்டு, வெட்ஜ்வுட் வண்டியேறி நேரே மைத்துனர் வீட்டிற்குச் சென்றார். தந்தையார் சொன்ன சொல் தவறாமல் இசைந்தார். கேம்பிரிட்ஜில் சற்றுத் தாராளமாகச் செலவு செய்திருந்த மகன், கப்பலில் அளவுக்கு மேல் செலவழிப்பதற்குத் தனித் திறமை வேண்டும் என்று சொல்லித் தந்தையைத் தேற்றினார். அதற்குத் தந்தை புன்னகையுடன், "நீ திறமைசாலி என்றுதானே எல்லோரும் சொல்கின்றனர்!" என்று விடையிறுத்தார்.

முடிவு எடுத்தவுடன் அச்சம் அகன்றுவிடவில்லை. பிளிமத் துறைமுகத்தில் கப்பல் புறப்படக் காத்திருந்த இரண்டு திங்களும் தம் வாழ்விலேயே துயரம் மிக்கவை என்று டார்வின் பின்னாளில் எழுதினார். குடும்பத்தைப் பிரியும் கவலை ஒருபுறம். நெஞ்சில் படபடப்பும் வலியும் மறுபுறம். இதய நோய் என்றே அவர் நம்பினார். மருத்துவரிடம் காட்டினால் பயணத்திற்குத் தகுதியற்றவர் என்று சொல்லிவிடுவாரோ என அஞ்சிக் காட்டாமலே இருந்தார். இது மட்டும் எவரும் பின்பற்றத்தக்கதன்று. டிசம்பர்த் திங்களில் இருமுறை புறப்பட்ட கப்பலைப் புயற்காற்றுத் துறைமுகத்திற்கே திருப்பி அனுப்பியது. எட்டுத் தடைகளும் மீண்டும் தலைதூக்குவதற்கு அதைவிட ஏற்ற காலம் இருந்திருக்க முடியாது. டார்வின் கரைக்குத் திரும்பிவிடவில்லை. 27-ஆம் நாள் காற்று மாறியது. கப்பலேறியவர், 1836-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில்தான் மீண்டும் இங்கிலாந்து மண்ணை மிதித்தார்.